நம்ம எம்.பி. ஒரு வாரம் முழுக்க என்னதான் பண்றாரு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஜெயிச்சதுக்கு அப்புறம் இந்தப் பக்கமே தலை காட்டல"ன்னு 39 தொகுதிலயும் சொல்றாங்க. பாதி நியாயம்தான். மீதி, எம்.பி.க்கு என்ன வேலைன்னே நமக்கு யாரும் ஒழுங்கா சொல்லாததால வர்ற கோபம். நான் ஒரு எம்.பி. ஆபீஸ்ல கொஞ்ச காலம் லெட்டர் அடிச்சுக் குடுக்கிற வேலை பார்த்தவன், எந்தக் கட்சின்னு கேட்காதீங்க, எந்தக் கட்சி ஆபீஸ்லயும் வர்ற கூட்டமும் கேட்கிற கேள்வியும் ஒண்ணுதான். அடிக்கடி வந்ததை மட்டும் இங்க எழுதியிருக்கேன். உதாரணத்துக்கு நிஜமா நடந்த ஒரு வாரத்தை எடுத்துக்கிட்டேன்: 2025 மார்ச் 31 திங்கள்ல இருந்து ஏப்ரல் 6 ஞாயிறு வரைக்கும்.

ஏன் குறிப்பா அந்த வாரம்?

ஏன்னா ஊர் விசேஷமும் டெல்லி விவகாரமும் அந்த ஏழு நாள்ல அப்படி முட்டிக்கிட்டு வந்துச்சு. திங்கள் ரம்ஜான். செவ்வாய் நூறு நாள் வேலைக்குப் புது கூலி. புதன் டெல்லியில வக்ஃபு (முஸ்லிம்களோட அறக்கொடைச் சொத்து) திருத்த மசோதா, அதே புதன் சென்னை சட்டசபையில கச்சத்தீவை மீட்கணும்னு தீர்மானம், அதே புதன் மதுரையில மார்க்சிஸ்ட் கட்சியோட அகில இந்திய மாநாடு ஆரம்பம், அன்னைக்கு ராத்திரி நம்ம ஊர்ல எல்லாரும் தூங்கிக்கிட்டு இருக்கறப்ப அமெரிக்காவுல டிரம்ப் இந்தியச் சரக்குக்கு 26 சதவீத வரின்னு அறிவிக்கிறாரு, திருப்பூர்ல காலையில எந்திரிச்சவங்களுக்கு அதுதான் முதல் நியூஸ். வெள்ளிக்கிழமை பட்ஜெட் கூட்டத்தொடர் முடியுது. ஞாயித்துக்கிழமை பிரதமர் இலங்கையில இருந்து நேரா ராமேஸ்வரம் வந்து புது பாம்பன் பாலத்தைத் திறக்கிறாரு. இதுக்கு நடுவுல பங்குனி திருவிழா, வெயில் வேற ஏறிக்கிட்டே போகுது, தெருவுக்குத் தெரு நீர்மோர் பந்தல். ஒரு எம்.பி. இதுல எங்கெங்க இருக்கணும், எங்க இருந்தா என்ன பிரயோஜனம்ங்கறதுதான் கேள்வியே.

திங்கள் ஊர்ல இருந்துட்டு செவ்வாய் டெல்லில எப்படி?

ரம்ஜானுக்கு நாடாளுமன்றம் லீவு. அதனால காலையில ஈத்கா மைதானத்து வாசல்ல நின்னு தொழுகை முடிஞ்சு வர்றவங்களைக் கட்டிப்பிடிச்சு வாழ்த்து சொல்லியாச்சு, நாலு வீட்டுல பிரியாணி சாப்பிட்டாச்சு (நாலாவது வீட்டுல ஒரு வாய் வெச்சாலும் சாப்பிட்டதாத்தான் கணக்கு, சாப்பிடாமப் போனா வம்பு). மதியம் பஸ் ஸ்டாண்டுகிட்ட நீர்மோர் பந்தல் திறப்பு, ஒரு தர்பூசணியை வெட்டி முதல் துண்டை யாரோ ஒரு ஆட்டோக்காரர் கையில குடுக்கிற போட்டோ. சாயங்காலம் ரெண்டு துக்க வீடு. அப்புறம் ஏர்போர்ட்.

சென்னையில இருந்து டெல்லிக்கு மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மியாதான் ஆகும், ஆனா தென்காசி, ராமநாதபுரம் மாதிரி தொகுதின்னா மதுரை ஏர்போர்ட் வரவே பாதி நாள் போயிடும். எம்.பி.க்கு வருஷத்துக்கு 34 விமானப் பயணம் இலவசம், ரயில்ல ஏ.சி. முதல் வகுப்புக்கு பாஸ் உண்டு. "ஓசியிலதானே போறாரு"ன்னு சொல்றவங்களுக்கு, ஆமா, ஓசிதான். அது இல்லேன்னா வசதி இருக்கிறவங்க மட்டும்தான் சனி ஞாயிறு தொகுதிக்கு வருவாங்க.

கல்யாணம், காதுகுத்து, கருமாதிக்கு எல்லாம் போறது ஒரு வேலையா? அதுக்கா ஓட்டு போட்டோம்?

ஒரு தொகுதிக்குள்ள ஆறு எம்.எல்.ஏ. தொகுதி. 2024 தேர்தல்ல தமிழ்நாட்டுல 6.23 கோடி வாக்காளர்கள், அதை 39 ஆல வகுத்தா ஆளுக்கு ஏறக்குறைய 16 லட்சம் பேர். முகூர்த்த நாள்ல ஆபீஸ் மேஜைல பத்திரிகை ஒரு அடி உயரத்துக்கு நிக்கும். மஞ்சள் தடவின கவரை வெச்சுட்டு "அண்ணன் கண்டிப்பா வரணும்"ன்னு சொல்லிட்டுப் போறவர் மூணு வருஷம் முன்னாடி பூத்ல நின்னவரா இருப்பாரு. பி.ஏ. என்ன பண்ணுவாருன்னா பத்திரிகை மூலையில பென்சில்ல ஒரு குறி போடுவாரு, நேர்ல போகணும், வீட்டம்மா போனா போதும், ஒன்றியச் செயலாளர்கிட்ட கவர் குடுத்து அனுப்பலாம், இப்படி மூணு விதம். கல்யாணத்துக்குப் போகலேன்னா மன்னிப்பாங்க. எழவு வீட்டுக்குப் போகலேன்னா அஞ்சு வருஷம் ஞாபகம் வெச்சிருந்து பூத்ல வெச்சு செய்வாங்க.

வெட்டி வேலைன்னு நானும் ஒரு காலத்துல நெனச்சவன்தான். ஆனா துக்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருக்கறப்பதான் பக்கத்துல இருக்கிறவர் மெதுவா சொல்லுவாரு, "சார், எங்க ஊர்ல நூறு நாள் வேலைக்கு ரெண்டு மாசமா சம்பளம் ஏறல." அந்த ஒரு வரி கலெக்டர் ஆபீஸ் மனுவுல வராது. அதைக் கேட்டுட்டு வந்து டெல்லியில கேள்வியா மாத்துற எம்.பி.யும் இருக்காங்க, கேட்டுட்டு தலையாட்டிட்டு கார்ல ஏறிடறவங்களும் இருக்காங்க. கல்யாணத்துக்கு வந்தாரா இல்லையாங்கறதை விட, வந்து கேட்டதை என்ன பண்ணாருங்கறதைப் பார்க்கணும்.

நூறு நாள் வேலை சம்பளம்னு சொன்னீங்களே, அதை எம்.பி. ஏத்த முடியுமா?

முடியாது. 2025 ஏப்ரல் 1-ல இருந்து தமிழ்நாட்டுக்கு நாள் கூலி 319-ல இருந்து 336 ரூபாய் ஆச்சு. அது மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் போட்ட அறிவிக்கை, எந்த எம்.பி.யும் அதுக்கு ஓட்டு போடல. நாட்டுல நம்ம வயித்தைத் தொடுற முடிவுல நிறைய இப்படி அறிவிக்கையாத்தான் வருது, சபையில பட்டனை அழுத்தி வர்றது கம்மி. ஆனா கூலி ஏறின அதே நேரத்துல பழைய சம்பளப் பாக்கி பெரிய பிரச்சனையா ஓடுச்சு, 4,034 கோடி பாக்கி இருக்குன்னு சொல்லி தி.மு.க. மார்ச் 29 அன்னைக்கு மாநிலம் பூரா ஆர்ப்பாட்டம் நடத்துச்சு. இந்த மாதிரி விஷயத்துல எம்.பி. கையில இருக்கிற ஆயுதம் கேள்வி. எந்த மாவட்டத்துக்கு எவ்ளோ பாக்கி, எந்தத் தேதில விடுவீங்கன்னு எழுத்துல கேட்டா எழுத்துல பதில் வந்தாகணும். அந்தப் பேப்பர் நாளைக்கு எங்க வேணா காட்டலாம்.

சபையில கேள்வி கேட்கிறது எப்படி? கையத் தூக்கினா போதுமா?

ஸ்கூல் இல்லீங்க. குறைஞ்சது 15 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்துல ஒரு கிழமை ஒதுக்கியிருப்பாங்க, ரயில்வே கேள்வியை ரயில்வே நாளுக்குத்தான் போடணும். வர்ற நோட்டீஸை எல்லாம் குலுக்கல் போட்டு எடுப்பாங்க. ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, அதாவது மந்திரி எந்திரிச்சு வாயால பதில் சொல்றது, மிச்சம் 230 கேள்விக்கு எழுத்துல பதில். 11 மணில இருந்து 12 மணி வரைக்கும்தான் கேள்வி நேரம், அதுல அந்த 20-ல அஞ்சாறு வந்தாலே அதிர்ஷ்டம், கூச்சல் போட்டு ஒத்திவெச்சா அதுவும் கிடையாது. நட்சத்திரக் கேள்வியோட அழகு என்னன்னா மந்திரி பதில் சொன்னதும் அங்கயே துணைக் கேள்வி கேட்கலாம், மந்திரி முழிக்கிறது டிவியில தெரியும்.

12 மணிக்கு மேல ஜீரோ ஹவர். அதுல தொகுதிப் பிரச்சனையை அவசரமா எழுப்பலாம், ரெண்டு மூணு நிமிஷம், அப்புறம் மைக் கட். நம்ம வாட்ஸ்அப்ல சுத்துற "நாடாளுமன்றத்தை அதிர வைத்த பேச்சு" வீடியோ எல்லாம் பெரும்பாலும் இந்த நேரத்து ஐட்டம்தான். மந்திரி உடனே பதில் சொல்லணும்னு கட்டாயம் கிடையாது. கேட்க கெத்தா இருக்கும், ஆனா தொகுதிக்கு உபயோகம்னு பார்த்தா யாரும் ஷேர் பண்ணாத அந்த எழுத்துக் கேள்விதான் என் அனுபவத்துல அதிகம்.

ஏப்ரல் 2 ராத்திரி என்ன நடந்துச்சு?

வக்ஃபு திருத்த மசோதா. இது 2024 ஆகஸ்ட்லயே தாக்கல் ஆகி, எதிர்ப்பு கிளம்பினதால ரெண்டு சபையையும் சேர்ந்த 31 எம்.பி.ங்க இருக்கிற கூட்டுக்குழுவுக்குப் போச்சு, அதுல நம்ம நீலகிரி எம்.பி. ஆ.ராசாவும் ஒரு உறுப்பினர். மார்ச் 27-ஆம் தேதியே தமிழ்நாடு சட்டசபை இதை வாபஸ் வாங்கச் சொல்லி தீர்மானம் போட்டிருந்துச்சு. மக்களவையில மதியம் ஆரம்பிச்ச விவாதம் நடுராத்திரி தாண்டி ஓடுச்சு, அப்புறம் எதிர்க்கட்சி குடுத்த திருத்தங்களை எடுத்துக்கிட்டாங்க, கடைசியா ஆதரவு 288, எதிர்ப்பு 232. அதோட விட்டாங்களான்னா இல்ல, அந்த அர்த்த ராத்திரியிலயே மணிப்பூர் ஜனாதிபதி ஆட்சித் தீர்மானத்தையும் எடுத்து முடிச்சாங்க. ஒரு மாநிலத்தோட ஆட்சியைப் பத்தின விஷயத்தை எல்லாரும் கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கிற நேரத்துல முடிச்சது எனக்கு இன்னும் சரியாப் படல. அடுத்த நாள் மாநிலங்களவை, அங்கயும் விடிகாலை வரைக்கும் போச்சு, 128-க்கு 95.

ஏப்ரல் 5 ஜனாதிபதி கையெழுத்து, 8-ஆம் தேதி சட்டம் அமல். தி.மு.க. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு, செப்டம்பர்ல கோர்ட் சில பிரிவுகளை மட்டும் நிறுத்தி வெச்சுது. ஆக ஒரு மசோதாவுக்கு கமிட்டி, சபை, கோர்ட்னு மூணு களம். நடுவுல இருக்கிறதை மட்டும்தான் நாம டிவியில பார்க்கிறோம்.

தமிழ்நாட்டு எம்.பி.ங்க 39 பேரும் எதிர்க்கட்சிக் கூட்டணி. எதிர்த்தும் பாஸ் ஆயிடுச்சே, அப்போ எதுக்கு அனுப்பினோம்?

543-ல 39-ன்னா நூத்துக்கு ஏழுக்குக் கொஞ்சம் மேல. எண்ணிக்கையில ஜெயிக்கணும்னா கூட்டணி ஆட்சியில இருக்கணும், வேற வழி கிடையாது. ஆனா எண்ணிக்கை பத்தாதப்பவும் சில இடத்துல எம்.பி. பேச்சு எடுபடும், குறிப்பா நிலைக்குழுக்கள். மொத்தம் 24 துறை சார்ந்த குழு, ஒவ்வொண்ணுலயும் மக்களவையில இருந்து 21 பேர், மாநிலங்களவையில இருந்து 10 பேர். அங்க கேமரா கிடையாது, கட்சிக்காரன் கைதட்ட மாட்டான், அதனாலயே அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்கார வெச்சு ஒழுங்கா கேள்வி கேட்பாங்க, ஆளுங்கட்சி எம்.பி.யும் எதிர்க்கட்சி எம்.பி.யும் சேர்ந்தே ஒரு செக்ரட்டரியை வறுத்தெடுக்கிறது நடக்கும். உங்க எம்.பி. எந்தக் குழுவுல இருக்காருன்னு தெரியுமா? நான் கேட்டவங்கள்ல நூத்துல ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தா அதிகம்.

பட்ஜெட்டையே எடுத்துக்கோங்க. 2025-26 பட்ஜெட் 50.65 லட்சம் கோடி. அதுல நாலஞ்சு அமைச்சகத்தோட மானியக் கோரிக்கையை, அதாவது அந்த அமைச்சகம் கேட்கிற செலவுத் தொகையை மட்டும்தான் சபையில விவாதிக்க நேரம் இருக்கும், மிச்ச எல்லாத்தையும் மொத்தமா கட்டி ஒரே ஓட்டுல முடிப்பாங்க, கில்லட்டின்னே பேரு. அப்போ உங்க ஊர் நூற்பாலைக்கோ துறைமுகத்துக்கோ என்ன ஒதுக்கியிருக்காங்கன்னு உட்கார்ந்து பார்த்திருந்தா அது குழுவுல மட்டும்தான்.

எம்.பி. தன் மனசாட்சிப்படி ஓட்டு போட முடியாதா?

கட்சி கொறடா (எப்படி ஓட்டு போடணும்னு கட்சி சார்பா எம்.பி.ங்களுக்குச் சொல்றவர்) உத்தரவு போட்டுட்டா முடியாது. 1985-ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், அரசியல் சட்டத்தோட பத்தாவது அட்டவணை. உத்தரவை மீறி மாத்தி ஓட்டு போட்டாலோ வராம இருந்தாலோ, கட்சி 15 நாளுக்குள்ள மன்னிக்கலேன்னா பதவி போற வரைக்கும் வரும். ரொம்ப முக்கியமான ஓட்டுன்னா அந்த உத்தரவுல மூணு கோடு போட்டிருக்கும், "கட்டாயம் வா, சொன்னபடி போடு"ன்னு அர்த்தம். வக்ஃபு மசோதாவுக்கு ரெண்டு பக்கமும் கொறடா உத்தரவு இருந்துச்சு.

காசுக்கும் பதவிக்கும் ராத்திரியோட ராத்திரியா கட்சி மாறினவங்களால வந்த சட்டம், அந்த வகையில தப்பு சொல்ல முடியாது. ஆனா ஆட்சி கவிழற ஓட்டுக்கும் சாதாரண மசோதாவுக்கும் ஒரே கயிறு போட்டுக் கட்டினதுனால, மசோதாவைப் படிச்சிட்டு வர்ற எம்.பி.க்கும் படிக்காம வர்ற எம்.பி.க்கும் ஓட்டு நேரத்துல வித்தியாசமே இல்லாமப் போச்சு. "ஏன் அப்படி ஓட்டு போட்டீங்க"ன்னு எம்.பி.யைப் பிடிச்சுக் கேட்கிறதை விட அந்தக் கட்சித் தலைமையைக் கேட்கிறது சரி.

டிரம்ப் வரி போட்டப்ப திருப்பூர் பக்கத்து எம்.பி.ங்க என்ன பண்ண முடிஞ்சுது?

வர்த்தக ஒப்பந்தம், சுங்க வரி எல்லாம் மத்திய அரசு மேஜை. எம்.பி. மந்திரிக்கு லெட்டர் குடுக்கலாம், ஏற்றுமதியாளருங்களைக் கூட்டிட்டுப் போய் மந்திரி முன்னாடி உட்கார வெக்கலாம், சபை நடந்தா நோட்டீஸ் குடுக்கலாம். ஆனா பாருங்க, வரி அறிவிச்சது இந்திய நேரத்துக்கு வியாழன் விடிகாலை, வெள்ளிக்கிழமை கூட்டத்தொடரே முடிஞ்சு போச்சு. அடுத்து சபை கூடினது ஜூலைல. நடுவுல அந்த வரியை 90 நாள் நிறுத்தி வெச்சு, அப்புறம் ஆகஸ்ட்ல 50 சதவீதம் வரைக்கும் ஏத்தினது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. நாடாளுமன்றம் கூடுற நாளே கம்மி, 17-வது மக்களவை அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து 274 நாள்தான் உட்கார்ந்துச்சு. உலகத்துல பிரச்சனை கூட்டத்தொடர் தேதி பார்த்தா வருது?

வெள்ளிக்கிழமை மதியமே எல்லாரும் கிளம்பிடறாங்களாமே?

நிறைய பேர் கிளம்பிடுவாங்க, உண்மை. வெள்ளி பிற்பகல் தனிநபர் மசோதாவுக்கான நேரம், மந்திரியா இல்லாத எந்த எம்.பி.யும் சொந்தமா ஒரு மசோதா கொண்டு வரலாம். சட்டமா மாறினது சுதந்திரத்துக்கு அப்புறம் மொத்தமே 14, கடைசியா 1970-ல. அதனால "அதுல உட்கார்ந்து என்ன ஆகப் போகுது"ன்னு சாயங்கால ஃப்ளைட்டைப் புடிச்சுடறாங்க. ஆனா தி.மு.க.வோட திருச்சி சிவா கொண்டு வந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதா 2015 ஏப்ரல்ல மாநிலங்களவையில நிறைவேறுச்சு, அந்த நேரத்துல அது பெரிய அதிசயம். மக்களவையில அது சட்டமாகலதான், ஆனா அரசாங்கமே சொந்தமா ஒரு மசோதா கொண்டு வர வேண்டிய நிலைமை வந்து 2019-ல சட்டம் ஆச்சு. அரசு சட்டத்துல குறை நிறைய இருக்குன்னு அந்தச் சமூகத்துக்காரங்களே சொல்றாங்க, அது தனிக் கதை. ஆளே இல்லாத வெள்ளிக்கிழமை சபையில உட்கார்ந்து பேசினதுக்கு ஒரு பலன் இருந்துச்சுல்ல.

டி-ஷர்ட் போட்டுட்டு சபைக்குப் போனாங்களே, அதெல்லாம் தேவையா?

2025 மார்ச் 20 தி.மு.க. எம்.பி.ங்க தொகுதி மறுவரையறை நியாயமா நடக்கணும்னு எழுதின டி-ஷர்ட்ல போனாங்க, சபாநாயகர் ஓம் பிர்லா ஒத்துக்கல, சபை ஒத்திவெச்சாச்சு. வாசகம் எழுதின துணி போடக்கூடாதுங்கறது சபை விதி. ரெண்டு நாள்ல, மார்ச் 22, சென்னையில பல மாநிலத் தலைவருங்க சேர்ந்து இதே விஷயத்துக்குக் கூட்டு நடவடிக்கைக் குழுக் கூட்டம் நடத்தினாங்க. மக்கள் தொகையை வெச்சு தொகுதியைப் பிரிச்சா குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்கா செஞ்ச மாநிலத்துக்குப் பங்கு குறையுங்கற பயம், அது நியாயமான பயம்தான். டி-ஷர்ட் தேவையான்னா, அன்னைக்கு ஹிந்தி சேனல்லயும் அந்த வார்த்தை ஓடுச்சு. ஆனா அன்னைக்குக் குலுக்கல்ல பேர் விழுந்து துணைக் கேள்வியோட காத்திருந்தவங்களுக்குக் கேள்வி நேரம் போச்சு. அது பேப்பர்ல வரல.

பாம்பன் பாலம் திறப்பு மாதிரி விழாவுல லோக்கல் எம்.பி.க்கு என்ன பங்கு?

பாலம் கட்டினது ரயில்வே, 550 கோடிக்கு மேல செலவு. 2.08 கிலோமீட்டர் நீளம், நடுவுல 72.5 மீட்டர் நீளத்துக்குத் தூக்குற பகுதி, கப்பல் வந்தா அப்படியே செங்குத்தா 17 மீட்டர் மேல போகும். 1914-ல கட்டின பழைய பாலத்துல 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்தினதுல இருந்து ராமேஸ்வரம் போறவங்க மண்டபத்துலயே இறங்கி பஸ் புடிச்சாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல அந்தக் கஷ்டம். இதுல எம்.பி. வேலை ரிப்பன் வெட்டறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும்: வேலை ஏன் லேட், எப்போ முடியும், முடிஞ்சா எந்தெந்த ரயில் திரும்ப வரும், எந்த ஸ்டேஷன்ல நிக்கும். திறப்பு விழா அன்னைக்கு ராமேஸ்வரம்-தாம்பரம் புது ரயிலும் விட்டாங்க. அன்னைக்கு முதல்வர் ஊட்டியில மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி திறப்புல இருந்தாரு, பிரதமர் விழாவுக்கு ஏன் வரலேன்னு டிவியில ஒரு வாரம் சண்டை.

மேடையில யாருக்கு எந்தச் சேர், அழைப்பிதழ்ல பேர் எத்தனாவது வரி, கல்வெட்டுல பேர் இருக்கா, இதுக்கு நடக்கிற போன் கால் இருக்கே, பாலம் கட்டினதை விடப் பெரிய இன்ஜினியரிங். சிரிக்கிறோம், ஆனா மத்திய அரசு விழாவுல அந்தத் தொகுதி எம்.பி. பேர் விட்டுப் போனா அது அவருக்கு ஓட்டு போட்டவங்களை விட்டதுக்குச் சமம்னு அவரு சண்டை போடறதுல நியாயம் இருக்கு.

எம்.பி. நிதி 5 கோடி எங்க போகுது?

வருஷத்துக்கு 5 கோடி. 1993-ல ஆரம்பிச்ச திட்டம், 2011-12-ல இருந்து இந்தத் தொகை, அதுக்கப்புறம் ஏறல. கொரோனாவுல நிறுத்தி வெச்சு 2021 நவம்பர்ல திரும்ப விட்டாங்க. பணம் எம்.பி. கையில வராது, அவரு வேலையைப் பரிந்துரை பண்ணுவாரு, அனுமதியும் டெண்டரும் மாவட்ட நிர்வாகம். 15 சதவீதம் பட்டியல் சாதி மக்கள் இருக்கிற பகுதிக்கும், 7.5 சதவீதம் பழங்குடிப் பகுதிக்கும் போகணும். கோயில், சர்ச், பள்ளிவாசலுக்குக் கிடையாது, அதனால "கோயில் மண்டபத்துக்கு எம்.பி. நிதியில போட்டுக் குடுங்க"ன்னு வராதீங்க.

ஆறு சட்டமன்றத் தொகுதிக்குப் பிரிச்சா ஆளுக்கு 83 லட்சம் சொச்சம். நாலு வகுப்பறை, ரெண்டு நிழற்குடை, சில ஹைமாஸ்ட் லைட்டுன்னு முடிஞ்சு போகும். நிழற்குடையில எம்.பி. பேர் நிழலை விடப் பெருசா இருக்கறதைப் பார்த்திருப்பீங்க. எந்த வேலைக்கு எவ்ளோன்னு திட்டத்தோட இணையதளத்துல யார் வேணா பார்க்கலாம்.

ரோட்டுல குழி, குடிதண்ணி வரல, ரேஷன் கார்டு, இதுக்கு எம்.பி.கிட்ட போகலாமா?

போகலாம், மனுவை வாங்கி கலெக்டருக்கு ஃபார்வர்டு பண்ணுவாங்க, அவ்ளோதான். தெருக்குழிக்கு கவுன்சிலர், ரேஷனுக்கு வட்ட வழங்கல் ஆபீஸ். எம்.பி.கிட்ட கேட்க வேண்டியது தேசிய நெடுஞ்சாலை, ரயில், பாஸ்போர்ட், பி.எஃப்., போஸ்ட் ஆபீஸ், தேசிய வங்கி கல்விக்கடன், வெளிநாட்டுல மாட்டிக்கிட்டவங்க, இலங்கையில பிடிபட்ட மீனவருங்க. மத்திய அரசுத் திட்டம் மாவட்டத்துல எப்படி நடக்குதுன்னு பார்க்க திஷா கமிட்டின்னு ஒண்ணு இருக்கு, 2016-ல வந்தது, எம்.பி.தான் தலைமை, கலெக்டரும் எல்லா அதிகாரியும் கணக்கோட வந்து உட்காரணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை நடக்கணும். உங்க மாவட்டத்துல கடைசியா எப்போ நடந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க. நீலகிரி மாதிரி தொகுதின்னா நீலகிரி, கோவை, திருப்பூர், ஈரோடுன்னு நாலு மாவட்டத்துல கால் வெச்சிருக்கும், எம்.பி. நாலு கலெக்டர்கிட்ட பேசணும்.

எம்.பி. லெட்டர் குடுத்தா என்னென்ன நடக்கும்?

அதிகமா போறது ரயில் இ.க்யூ. லெட்டர்தான், வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கிற டிக்கெட்டை எமர்ஜென்சி கோட்டாவுல கன்ஃபர்ம் பண்ணச் சொல்றது. வண்டி கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கறப்ப போன் பண்ணி "சார்கிட்ட சொல்லுங்க"ன்னா ஒண்ணும் ஆகாது, முந்தின நாளே பி.என்.ஆர்., வண்டி நம்பர், தேதி வந்தாதான் லெட்டர் போய்ச் சேரும். லெட்டர் போனாலும் கிடைக்கும்னு உத்தரவாதம் இல்ல, தீபாவளிக்குச் சுத்தமா மறந்துடுங்க.

உருப்படியானது பிரதமர் நிவாரண நிதிக்கான மருத்துவ லெட்டர். இதயம், கிட்னி, கேன்சர் மாதிரி பெரிய சிகிச்சைக்கு, அந்தப் பட்டியல்ல இருக்கிற ஆஸ்பத்திரியோட செலவு மதிப்பீடு ஒரிஜினல், வருமானச் சான்று, ஆதார் வெச்சு அனுப்பினா ஒரு பகுதித் தொகை நேரா ஆஸ்பத்திரிக்கே போகும். ஆபரேஷன் முடிச்சு பில் கட்டிட்டு வந்தா பிரயோஜனம் இல்ல, முன்னாடியே வரணும்.

கேந்திரிய வித்யாலயா சீட்டுக்கு இன்னமும் ஏப்ரல் மாசம் கியூ நிக்கிது. எம்.பி.க்கு இருந்த 10 சீட் கோட்டாவை 2022-லயே எடுத்துட்டாங்க. வாங்கித் தர்றேன்னு யாராச்சும் காசு கேட்டா நம்பாதீங்க.

சம்பளம் எவ்ளோ?

மாசம் 1,24,000. தொகுதி அலவன்ஸ் 87,000, ஆபீஸ் செலவுக்கு 75,000, சபை நாள்ல கையெழுத்து போட்டா ஒரு நாளைக்கு 2,500. கல்யாண மொய்யும் திருவிழா நன்கொடையும் இதுல கட்டுபடி ஆகாது. அப்போ அந்தக் காசு எங்கிருந்து வருதுன்னு கேட்டீங்கன்னா, பத்திரிகை வெக்கிற நாமளும் கொஞ்சம் யோசிக்கணும்.

மனு குடுக்க எப்போ போனா ஆளைப் பார்க்கலாம்?

கூட்டத்தொடர் நடக்கிறப்ப சனி, ஞாயிறு காலை. மத்த நாள்ல ஆபீஸ்ல பி.ஏ.தான் இருப்பாரு, அவர்கிட்ட குடுத்தாலே போதும், நிஜமா வேலை நடக்கிறது அங்கதான். ஒரு பிரச்சனைக்கு ஒரு மனு, ஒரே பேப்பர்ல பட்டா, பென்ஷன், ரயில் ஸ்டாப்பிங் மூணையும் எழுதினா எந்த ஃபைல்லயும் சேராது. மனுவுல போன் நம்பர் எழுதுங்க, பாதிப் பேர் எழுதறதில்ல. முன்னாடி எந்த ஆபீஸ்ல குடுத்தீங்களோ அந்த ரசீது ஜெராக்ஸ் வைங்க. ரயில்வே, நெடுஞ்சாலை விஷயம்னா கூட்டத்தொடர் ஆரம்பிக்க ஒரு மாசம் முன்னாடி குடுங்க, 15 நாள் நோட்டீஸ் கணக்குக்குள்ள கேள்வியா மாத்த முடியும். குடுத்து ஒரு மாசம் கழிச்சு ஒரு போன் அடிச்சு, "லெட்டர் போச்சா, அனுப்பின நம்பர் என்ன"ன்னு கேளுங்க. நம்பர் சொல்லலேன்னா லெட்டர் போகலேன்னு வெச்சுக்கலாம்.